அவர்கள் சாகவில்லையா?

என்னிடம் அரபு இலக்கணம் ஓதிய மாணவர் ஒருவர் இப்போது பொறியியல் கல்லூரி விடுதியில் தங்கிப் படிக்கிறார். விடுமுறைக்கு ஊர் வந்தவர், ஒரு மாலைப் பொழுதில் என் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, விடுதித் தோழர்களோடு நள்ளிரவில் பார்த்த அமெரிக்கத் திகில் படம் ஒன்றைப் பற்றி மெய்சிலிர்க்கப் பேசிக்கொண்டிருந்தார். காட்டுக்குள் போன மூன்று இளைஞர்கள் திரும்பவே இல்லை என்றும், அவர்கள் எடுத்த படச்சுருள் மட்டும் ஓராண்டுக்குப் பின் கிடைத்தது என்றும், அந்தச் சுருளே இந்தப் படம் என்றும் சொன்னார். "நடந்த சம்பவம் ஹஜ்ரத்" என்று அவர் அழுத்திக் கூறியபோது குரலில் உண்மையாகவே ஒரு நடுக்கம் இருந்தது.

அந்தப் படத்தைப் பற்றி நான் முன்பே ஓரளவு படித்திருந்தேன். அது கற்பனை என்றும், அம்மூவரும் நடிகர்கள் என்றும், படம் வெளிவந்த பிறகும் நலமாக வாழ்ந்தவர்கள் என்றும் கூறினேன். அவர் முகம் சட்டென்று வாடிவிட்டது. "அவங்க சாகலையா? சே!" என்றார்.

நல்ல பிள்ளை. எறும்பை மிதிக்கவும் அஞ்சுகிறவர். அந்த வாயிலிருந்து அந்தச் 'சே' எப்படி வந்தது? இந்தக் கேள்வி பல நாள் என்னை விடவில்லை. ஏனெனில் அது அவர் ஒருவருடைய 'சே' அன்று. படம் வெளிவந்த காலத்தில் அமெரிக்க அரங்குகளிலிருந்து வெளியேறிய எத்தனையோ இளைஞர்கள் சொன்ன அபிப்பிராயமும் ஏறத்தாழ இதுவே.

படத்தின் பெயர் 'தி பிளேர் விட்ச் பிராஜெக்ட்'. டேனியல் மைரிக், எட்வர்டோ சான்செஸ் என்னும் இரு இளைஞர்கள் எழுதி இயக்கியது. 1997-ஆம் ஆண்டு அக்டோபரில் மேரிலாந்து மாநிலத்துக் காடொன்றில் எட்டே நாட்களில் பெரும்பகுதி எடுக்கப்பட்டது. படப்பிடிப்புக்கு ஆன செலவு ஏறத்தாழ 60 ஆயிரம் டாலர் என்பார்கள். ஹாலிவுட் கணக்கில் அது தேநீர்ச் செலவு. நடிகர்கள் மூவரும் தத்தம் சொந்தப் பெயரிலேயே நடித்தனர். கையில் ஒளிப்பதிவுக் கருவியைக் கொடுத்து, அவர்களையே படமெடுக்கச் சொல்லிக் காட்டில் விட்டனர். அன்றன்றைக்குச் செய்ய வேண்டியதைச் சிறு குறிப்புகளாகச் சுருள் டப்பாக்களில் வைத்துவிட்டு, இயக்குநர்கள் மறைந்து நின்றார்கள். நாளுக்கு நாள் உணவைக் குறைத்தார்கள். இரவில் கூடாரத்தை உலுக்கி அச்சுறுத்தினார்கள். பேசப்பட்டவை பெரும்பாலும் அந்த நேரத்தில் வாயில் வந்தவை. இப்படித் திரண்ட சுருள்களை வெட்டி ஒட்டி, ஏறத்தாழ 80 நிமிடப் படமாக்கினர். 1999 ஜனவரியில் சன்டான்ஸ் திரைப்பட விழாவில் காட்டப்பட்டு, ஆர்ட்டிசன் என்னும் நிறுவனம் அதனை வாங்கி அந்த ஆண்டு ஜூலையில் வெளியிட்டது. உலகெங்கும் ஏறத்தாழ 25 கோடி டாலர் வசூலாயிற்று.

இனி, பார்த்தவர்கள் கூறியவற்றைக் காண்போம். விமர்சகர்களில் பலர் தலைமேல் வைத்துக் கொண்டாடினர். ரோஜர் ஈபர்ட் தம் அளவுகோலின் உச்சமான நான்கு நட்சத்திரங்களையும் கொடுத்தார். ஆனால் அரங்கை விட்டு வெளியே வரும் பொதுமக்களிடம் கருத்துக் கேட்டு மதிப்பெண் இடும் 'சினிமாஸ்கோர்' என்னும் அமைப்பு பதிந்த மதிப்பெண் 'சி பிளஸ்'. பொதுவாகத் தயவோடு மதிப்பெண் இடும் அந்தக் கூட்டத்தில் அது தாழ்ந்த மதிப்பெண்ணே. கருவி கைநடுக்கத்தோடு ஆடியதால் தலைசுற்றி வாந்தியெடுத்தவர்கள் உண்டு. ஒரு வாரம் இருட்டில் உறங்க முடியாமற் போனவர்களும் உண்டு. "சூனியக்காரி கடைசிவரை வரவே இல்லையே; மரமும் இலையும் காண்பதற்கா காசு கொடுத்தோம்?" என்று குமுறியவர்களும் உண்டு.

இந்தக் கடைசி வகையினரோடு எனக்கு உடன்பாடில்லை. தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் அச்சம் பிறக்கும் இடம் நான்கு என வகுத்தார்: அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை. படத்தில் இந்நான்கில் ஒன்றும் கண்ணெதிரே வந்து நிற்பதில்லை. கற்குவியல் உண்டு, குச்சிகளைக் கட்டித் தொங்கவிட்ட உருவங்கள் உண்டு, இரவில் எங்கோ குழந்தைச் சிரிப்பு உண்டு. அணங்கு என்ற சொல்லே உருவம் காட்டாமல் வருத்தும் ஆற்றலைக் குறித்த பழஞ்சொல் அன்றோ! காட்டிவிட்டால் அது நான்கு காலும் வாலும் உள்ள விலங்காகிவிடும். இப்னு ஸீனா தம் உளநூலில் ஓர் எளிய எடுத்துக்காட்டுத் தருகிறார். தரையில் கிடக்கும் மரத்தின்மேல் ஓடியே செல்லும் மனிதன், அதே மரத்தைப் பள்ளத்தின்மேல் பாலமாகப் போட்டால் அடியெடுத்து வைக்க அஞ்சுகிறான். மரம் மாறவில்லை, அகலம் குறையவில்லை. விழுவதாக அவன் உள்ளம் தீட்டிய சித்திரமே அவனைத் தடுக்கிறது. அச்சமூட்டும் கலைக்கு அந்தப் பள்ளம் போதும். அடியில் முதலை வேண்டியதில்லை. இந்த அளவில் அந்த இளம் இயக்குநர்கள் கலையறிந்தவர்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை.

என் கேள்வி வேறு. கதை என்று தெரிந்ததும் கோபித்தார்களே, அவர்களைப் பற்றியது.

அரபு மொழியில் இந்த வினாவுக்கு ஒரு நீண்ட வரலாறு உண்டு. கி.பி. 940-இல் மறைந்த அபூ பிஷ்ர் மத்தா என்பவர், அரிஸ்டாட்டிலின் கவிதையியலைச் சிரியாக் மொழிவழி அரபுக்குக் கொணர்ந்தார். நாடக மேடையைக் கண்டறியாத சமூகம் அது. ஆகவே, அச்சத்தையும் இரக்கத்தையும் எழுப்பும் அவல நாடகத்தை அவர் 'புகழ்ச்சி' என்றும், நகை நாடகத்தை 'வசை' என்றும் மொழிபெயர்த்துவிட்டார்! எங்கள் வகுப்பில் இதைச் சொன்னால் மாணவர்கள் இன்றும் சிரிப்பார்கள். ஆனால் அந்தத் தடுமாற்றத்தின்மேல் நின்றுகொண்டே, பின்வந்த மெய்ப்பொருளாளர்கள் மிக நுட்பமான ஒரு பாகுபாட்டைக் கண்டார்கள். ஒரு கூற்றை உள்ளம் இரு வழிகளில் ஏற்கும் என்றார் இப்னு ஸீனா. ஒன்று தஸ்தீக்; அதாவது, இது மெய் என்று அறிவு ஒப்புதல். மற்றது தக்யீல், மெய்யா பொய்யா என்ற விசாரணையின்றியே உள்ளம் விரிதல், சுருங்குதல். தேனைக் காட்டி, 'இது கக்கிய பித்தம்' என்று ஒருவர் சொல்கிறார் எனக் கொள்வோம். பொய் என்று நமக்கு நன்றாகத் தெரியும். ஆயினும் கை பின்வாங்குகிறது. அறிவு ஒப்பவில்லை, உள்ளம் ஒப்பிவிட்டது. கவிதையின் ஆற்றல் இந்த இரண்டாவதில் இருக்கிறது என்பது அவர் முடிபு.

இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால், 1999-இல் அரங்கில் நடுங்கியவர்கள் இரு சாரார். கதை என்று அறிந்தே நடுங்கியவர்கள் ஒரு சாரார். அவர்கள் வீட்டுக்குப் போய் விளக்கைப் போட்டுக்கொண்டு உறங்கினர், யாரையும் கோபிக்கவில்லை. மூன்று உயிர்கள் மெய்யாகவே போயின என்று ஒப்பி நடுங்கியவர்கள் மற்றொரு சாரார். இவர்களிடம் எழுந்தது கலை எழுப்பிய அச்சமன்று. சாவுச் செய்தி கேட்டவனுடைய அச்சம். உண்மை தெரிந்த நாளில் இந்த இரண்டாம் சாராரின் கட்டடம் அடித்தளத்தோடு சரிந்தது.

'எல்லாக் கதையும் நடந்ததுபோலத்தானே சொல்லப்படுகிறது? பாட்டி கதையில் ஊரும் பேரும் சொல்வதில்லையா?' என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். நான் இருபதாண்டுகளுக்கு மேல் பாடம் நடத்திய 'மகாமாத்'தையே சான்றுக்கு எடுக்கிறேன். ஹரீரி அதில் ஒவ்வொரு கதையையும், 'ஹாரிஸ் இப்னு ஹம்மாம் எமக்கு அறிவித்தார்' என்ற பாணியிலேயே தொடங்குகிறார். அறிவிப்பாளர் பெயரைச் சொல்லித் தொடங்கும் அந்த முறை, செய்தியின் மெய்ம்மையை நிறுவுவதற்கென்றே அறிஞர்கள் கண்டது. அதை எடுத்து ஒரு கற்பனைப் போக்கிரியின் லீலைகளுக்கு முகப்பாக மாட்டிவிட்டார்! சாட்சியின் சட்டையைக் கதைக்கு உடுத்திய இந்தச் செயலும், ஆவணப் படத்தின் சட்டையைத் திகில் படத்துக்கு உடுத்திய அந்தச் செயலும் ஒன்றல்லவா?

வேறுபாடு முன்னுரையில் இருக்கிறது. தாம் பொய் புனைந்ததாகச் சிலர் குறை கூறக்கூடும் என்பதை ஹரீரியே அங்கே எடுத்துப் பேசி, விலங்குகள் பேசுவதாக அமைந்த கதைகளை யாரும் பொய் என்று பழித்ததில்லையே என்று வாதாடுகிறார். வாசலிலேயே, 'உள்ளே இருப்பது புனைவு' என்று சொல்லியாயிற்று. உள்ளே நுழைந்த பின் அவர் எத்தனை பெயர்களை அறிவிப்பாளர் ஆக்கினாலும் அது விளையாட்டு. விளையாட வந்தவனும் அதை அறிவான். பிளேர் விட்ச் படத்தாரோ அந்தச் சட்டையை அரங்குக்கு வெளியிலும் அணிந்து திரிந்தார்கள். காணாமற்போனவர் எனப் படம் போட்டுச் சுவரொட்டி ஒட்டினார்கள். இணையத்தில் போலிக் காவல்துறைச் செய்திகளை வெளியிட்டார்கள். நடிகர்களைப் பொது இடங்களில் தலைகாட்டாமல் ஒதுக்கி வைத்தார்கள். திரைப்படத் தகவல் ஏடுகளில் பெயர் பெற்ற ஒன்று அம்மூவரையும் 'காணாமற்போய் இறந்ததாகக் கருதப்படுபவர்கள்' என்றே சிறிது காலம் குறித்திருந்தது.

இவர்களுக்கு முன்னோடியும் உண்டு. 1980-இல் இத்தாலியில் ருஜ்ஜெரோ தியோதாதோ எடுத்த 'கேனிபல் ஹோலோகாஸ்ட்' என்ற கொடூரப் படமும் 'கண்டெடுத்த சுருள்' என்ற உத்தியிலேயே அமைந்தது. அதன் நடிகர்களும் சிறிது காலம் மறைந்திருக்க ஒப்பந்தம் செய்துகொண்டவர்கள். கடைசியில் கொலைக் குற்றச்சாட்டே எழுந்து, தம் நடிகர்கள் உயிரோடிருப்பதை அந்த இயக்குநர் மெய்ப்பிக்க வேண்டியதாயிற்று. மனிதச் சாவு பொய். ஆனால் அந்தப் படத்துக்காக ஆமை முதலிய விலங்குகள் மெய்யாகவே கொல்லப்பட்டன. பார்த்தவர்களில் எத்தனை பேர் அந்த ஆமைக்காகச் 'சே' என்றார்களோ!

பொய்யின் செலவை யார் கொடுத்தார்கள் என்று பார்ப்போம். அந்த மூவரில் ஒருவரான ஹெதர் டோனஹ்யூவின் தாயாருக்கு, மகளை இழந்ததற்கு அனுதாபம் தெரிவித்து அட்டைகள் வந்தன. மகள் உயிரோடிருக்க, அந்தத் தாய் தபாலைப் பிரித்து மகளுடைய சாவைப் படித்திருக்கிறார். கதை நடந்ததாகச் சொல்லப்பட்ட பர்கிட்ஸ்வில், இருநூறு பேர்கூட இல்லாத சிற்றூர். அங்கே அப்படி ஒரு சூனியக்காரிக் கதையே கிடையாது. கூட்டம் கூட்டமாக வந்தவர்கள் ஊர்ப்பெயர்ப் பலகைகளைப் பிடுங்கிச் சென்றார்கள். ஹெதருக்கு அந்த ஆண்டின் மிக மோசமான நடிகை எனக் கேலியாக வழங்கப்படும் 'கோல்டன் ராஸ்பெர்ரி' கிடைத்தது. படத்தில் அவள் பிடிவாதக்காரி; வழி தவறிய பின்னும் கருவியைக் கீழே வைக்க மறுப்பவள். பாத்திரத்தை வெறுப்பது பார்வையாளரின் உரிமை. ஆனால் பாத்திரத்துக்கும் அவளுக்கும் ஒரே பெயர் அல்லவா? வெறுப்பு எந்தத் திரையிலும் தடைபடாமல் நேரே அவள்மேல் போய் விழுந்தது. பின்னாளில் அவர் தம் பெயரையே மாற்றிக்கொண்டார்.

வணிகர் பொய் சொன்னார் என்பதோடு இதை முடித்துவிடலாம். அப்படி முடித்தால் என் மாணவரின் 'சே' அப்படியே கிடக்கும். ஏமாற்றப்பட்டவன் கோபிக்கலாம், ஆனால் மூவர் பிழைத்தார்கள் என்ற செய்தி எந்த வகையில் கெட்ட செய்தி? பக்கத்துத் தெருவில் ஒருவர் கிணற்றில் விழுந்துவிட்டார் என்று ஓடுகிறோம். பொய்ச் செய்தி என்று தெரிகிறது. சொன்னவனைத் திட்டுவோம், ஆனால் அதற்கு முன்பே ஒரு பெருமூச்சு வந்துவிடும். அரங்கிலிருந்து வந்தவர்களிடம் அந்தப் பெருமூச்சு ஏன் வரவில்லை?

இரண்டு காரணங்கள் இருக்கக்கூடும். இரண்டும் ஒரே சொல்லில் வெளிப்படுவதால் ஒன்றை மற்றொன்றாக எண்ணிவிடுகிறோம். சாவைப் பார்க்கவே காசு கொடுத்தவன் ஒருவன். சரக்கு போலி என்றதும் அவன் பணத்தைத் திருப்பிக் கேட்கிறான். மெய்யான சாவு என்பதால்தான் அவனுக்கு அது உயர்ந்த சரக்கு. இவனைப் பற்றி நான் அதிகம் எழுத விரும்பவில்லை. தூக்குமேடையைச் சுற்றி இடம் பிடித்து நின்ற பழங்காலக் கூட்டத்தின் வாரிசு அவன். இரக்கப்பட்டவன் மற்றவன். கடைசியில் ஹெதர் கருவியைத் தன் முகத்துக்கு நேரே பிடித்து, மூக்கும் கண்ணும் ஒழுக, தன் தோழர்களின் தாய்மாரிடம் மன்னிப்புக் கேட்கும் காட்சியில் இவன் உள்ளம் உருகியிருக்கிறது. பின்னர் பொய் என்று அறிந்ததும், தன் இரக்கத்தைச் சந்தியில் வைத்து நகைத்துவிட்டார்களே என்று கூசுகிறான். அந்தக் கூச்சம்தான் 'சே' என்று வெளிப்படுகிறது. பின்னாளில் அந்தக் காட்சியை உலகமெல்லாம் கேலிப் படங்களில் போலச் செய்து சிரித்ததற்கும் இந்தக் கூச்சம் ஒரு காரணம் என்றே எண்ணுகிறேன். அழுததை மறைக்க, சிரிப்பைவிட எளிய வழி இல்லை.

இவ்வளவு எழுதிவிட்டு என்னுடைய ஒரு செயலை மறைப்பது முறையாகாது. நான் ஆசிரியப் பணியில் சேர்ந்த புதிதில், சிறுவர்கள் தங்கி ஓதிய ஒரு மதரஸாவின் கொல்லையில் கைப்பிடிச் சுவர் இடிந்த கிணறு ஒன்று இருந்தது. எத்தனை முறை தடுத்தாலும் பிள்ளைகள் போய் எட்டிப் பார்ப்பார்கள். ஒரு நாள் மாலை அவர்களை உட்கார வைத்து, முன்பு இங்கே ஓதிய ஒரு சிறுவன் அதில் விழுந்து இறந்தான் என்றும், மஃரிபுக்குப் பின் அங்கே போனால் அவன் குரல் பெயர் சொல்லிக் கூப்பிடும் என்றும் சொன்னேன். ஒரு பிள்ளை பெயரைக் கேட்டான். யோசியாமல் 'இஸ்மாயீல்' என்றேன். அன்றிலிருந்து கிணற்றங்கரைக்கு ஒருவரும் போகவில்லை. என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

சில மாதங்களில் சுவர் கட்டியாயிற்று. இனி அச்சம் தேவையில்லை என்று எண்ணி, அது நான் கட்டிய கதை என்று பிள்ளைகளிடம் சிரித்துக்கொண்டே சொன்னேன். எல்லோரும் ஆரவாரம் செய்தார்கள். பெயர் கேட்ட பிள்ளை மட்டும் சிரிக்கவில்லை. வகுப்பு முடிந்ததும் தனியே வந்து, "அப்போ நான் யாருக்கு துஆ செஞ்சேன் ஹஜ்ரத்?" என்றான். இத்தனை மாதங்களும் இரவு தோறும், தாயை விட்டு வந்து கிணற்றில் இறந்துபோன இஸ்மாயீலுக்காக அவன் கையேந்தியிருக்கிறான். ஒன்பது வயதுப் பிள்ளை. நான் என்னவோ சமாதானம் சொன்னேன். என்ன சொன்னேன் என்பது நினைவில்லை. அவன் முகம் மட்டும் நினைவிருக்கிறது.

கிணற்றில் ஒரு பிள்ளையும் விழவில்லை என்பதும் மெய். என் நோக்கம் 25 கோடி டாலர் அன்று என்பதும் மெய். ஆயினும் அவனிடமிருந்து நான் எடுத்தது, அந்தத் தாயாருக்கு அட்டை எழுதியவர்களிடமிருந்து அவர்கள் எடுத்ததேதான். அட்டை வாங்கி, முகவரி தேடி, முத்திரை ஒட்டி அனுப்பிய அந்த முகமறியா மனிதர்களைப் பற்றிப் பட வரலாறு எழுதுவோர் ஒரு வேடிக்கைத் துணுக்காகவே குறிப்பிடுகிறார்கள். பார்வையாளர் கருத்துகள் யாவற்றிலும் அந்த அட்டைகளே மேலானவை என்று எனக்குத் தோன்றுகிறது.

நடிகர்களின் கதை அதோடு ஓயவில்லை. 2024-இல் அதே பெயரில் புதிய படம் வரப்போவதாக லயன்ஸ்கேட் நிறுவனம் அறிவித்தபோது, மூவரும் சேர்ந்து பகிரங்கக் கடிதம் ஒன்றை வெளியிட்டு, தங்கள் உழைப்புக்குரிய பங்கைத் தரவும், தங்கள் பெயரையும் முகத்தையும் பயன்படுத்துமுன் தங்களைக் கலந்துகொள்ளவும் கோரினார்கள்.

இவற்றையெல்லாம் அந்த மாலையில் என் மாணவரிடம் சிறிது சிறிதாகச் சொன்னேன். உணவு குறைத்ததைச் சொன்னபோது நிமிர்ந்து பார்த்தார். அட்டைகளைச் சொன்னபோது ஒன்றும் பேசவில்லை. விடுதிக்குத் திரும்பிய இரண்டாம் வாரத்தில் தொலைபேசியில் அழைத்தார். படத்தைத் தனியே மறுபடியும் பார்த்தாராம்.

"பயமா இருந்துச்சா?" என்று கேட்டேன்.

"இருந்துச்சு ஹஜ்ரத். ஆனா இந்தத் தடவை, அந்தப் பொண்ணு சாப்பிட்டாளான்னுதான் பார்த்துக்கிட்டு இருந்தேன்."